கண்ணாடிக் கூட்டில் வைத்த மாத்திரை

சனி, 12 ஜூலை

நல்ல வெயில். பத்து மணிக்கே துணி காய்ந்துவிட்டது. வியாழக்கிழமை ஆடி பிறக்கிறது, அதற்குள் வீடு சுத்தமாக வேண்டும் என்று அக்காவின் உத்தரவு. குளிர்பெட்டிக் கதவில் பட்டியல்:

சாமி மேடை – அக்கா
காற்றாடி இறக்கைகள் – ஜெயா
அலமாரிக்குப் பின்னால் – ரெண்டு பேரும்

மூன்றாவதில்தான் வினை. "ஒன்னு, ரெண்டு, மூனு" என்று அக்கா எண்ணினாள். மூன்றில் நான் தூக்கினேன். அவள் மூன்று சொல்லி முடித்த பிறகு தூக்குவதாக இருந்தாளாம். இடுப்பில் சுளீர். அப்படியே தரையில் உட்கார்ந்தேன்.

"நடிக்காத ஜெயா."

"நடிக்கலக்கா. எந்திரிக்க முடியல."

என் முகத்தைப் பார்த்ததும் பயந்துபோனாள். கிளினிக்குக்குப் போகக் காடிச் சாவியைத் தேடி மூன்று அறைகளுக்கும் ஓடினாள். சாவி அவள் கையிலேயே இருந்தது.

கிளினிக்கில் ஒரு மணி நேரக் காத்திருப்பு. டாக்டர் சின்ன வயது மலாய்ப் பெண். பொறுமையாகப் பார்த்தார். எலும்பில் ஒன்றுமில்லை, தசைப்பிடிப்பு. அக்கா என் நாற்காலியை ஒட்டியே நின்றாள். என் பிறந்த தேதியைக்கூட அவள்தான் சொன்னாள். "வேறு மருந்து ஏதாவது எடுக்கிறீர்களா?" என்று டாக்டர் என்னைக் கேட்டார். அதற்கும் அக்காதான் முந்திக்கொண்டாள். "அவளுக்குப் பிரஷரும் இல்லை, இனிப்புநீரும் இல்லை, எல்லா வியாதியும் எனக்குத்தான்" என்று மலாயில் சொல்லிச் சிரித்தாள். டாக்டர் சிரிக்கவில்லை. என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் இல்லை என்று தலையாட்டினேன்.

பொய்.

இந்தக் குறிப்பேட்டில் மட்டும் எழுதலாம். தினமும் காலையில் ஒரு செர்ட்ராலின் சாப்பிடுகிறேன். மனச்சோர்வுக்கு. பத்தொன்பது மாதமாக. கடலுக்கு அக்கரையில், பட்டர்வொர்த்தில் ஆபீஸுக்குப் பக்கத்திலிருக்கும் அரசாங்கக் கிளினிக்கில், மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் போய் வாங்கிக்கொள்கிறேன். கைப்பைக்குள் பழைய மூக்குக்கண்ணாடிக் கூடு ஒன்று, அதற்குள் மாத்திரை. அக்காவுக்குத் தெரியாது. யாருக்குமே தெரியாது.

வலிக்குக் கொடுத்தது டிராமடோல், பச்சை மஞ்சள் கேப்ஸ்யூல். தேவைப்பட்டால் ஒரு நாளைக்கு மூன்று. திங்கள் முதல் புதன் வரை எம்.சி., மருத்துவ விடுப்பு. சாயங்காலம் ஒன்று போட்டேன். வலி நன்றாகக் குறைந்தது. அக்கா கஞ்சியைக் கட்டிலுக்கே கொண்டுவந்தாள். ராஜ உபசாரம்.

ஞாயிறு, 13 ஜூலை

காலையில் தூறல். காலை உணவுக்குப் பிறகு கேப்ஸ்யூல் ஒன்று. வழக்கம்போல் குளியலறையில் செர்ட்ராலினும்.

பதினொரு மணிவாக்கில் உடம்பெல்லாம் வியர்வை. காற்றாடி முழு வேகத்தில் சுற்றியும் ரவிக்கை நனைந்தது. பாலில்லாத் தேநீர், தே ஓ, குடிக்கக் கோப்பையை எடுத்தேன், கை நடுங்கிப் போர்வையில் பாதி. நெஞ்சு படபடவென்று அடித்துக்கொண்டது. வயிறும் சரியில்லை, இரண்டு தடவை போனேன்.

அக்காவின் தீர்ப்பு: "ரத்தம் பத்தாது ஒனக்கு. அதான் கை நடுங்குது. கீரைய ஒழுங்கா சாப்பிடு."

இரண்டு மணிக்கு இன்னொரு கேப்ஸ்யூல். அதன் பிறகு நடுக்கம் கூடியது. அப்போதுதான் உறைத்தது, இரண்டு மருந்தும் ஒத்துப்போகுமா என்று நான் பார்க்கவே இல்லை. வேலையில் ஒரு கப்பல் பத்திரம் என் மேசையைத் தாண்டிப் போகவேண்டுமானால் மூன்று தடவை சரிபார்க்கிறவள் நான்.

அக்கா சீரியல் பார்க்கும் நேரம், போனில் இரண்டு பெயரையும் சேர்த்துத் தட்டினேன். ஓர் இடத்தில் 'கவனமாகப் பயன்படுத்தலாம்'. இன்னொன்றில் 'தவிர்க்கவும்', சிவப்பு எழுத்தில். மூன்றாவதில் யாரோ ஒரு அம்மா, நான் இரண்டு வருடமாகச் சாப்பிடுகிறேன், எனக்கு ஒன்றும் ஆகவில்லை என்கிறார். நாலாவதைத் திறக்கவில்லை. பயம்தான் மிச்சம். மனுஷர் யாரையாவது கேட்க வேண்டும்.

சாயங்கால கேப்ஸ்யூலை விட்டுவிட்டேன். வலி திரும்ப வந்தது. ஒருக்களித்துப் படுத்தேன்.

"மருந்து போட்டியா?"

"போட்டேன்."

இன்றைக்கு இரண்டாவது பொய்யா, மூன்றாவதா? எண்ணவில்லை.

திங்கள், 14 ஜூலை

நிறைய எழுத வேண்டும். இடுப்புக்குக் கீழே இரண்டு தலையணை வைத்துக்கொண்டு எழுதுகிறேன்.

காலையில் கட்டிலைவிட்டு எழ முடியவில்லை. வேறு வழியில்லாமல் ஒரு கேப்ஸ்யூல். செர்ட்ராலினும் போட்டேன், பழக்கத்தில். அக்கா ஒன்பது மணிக்குக் கோயிலுக்குப் பூக்கட்டப் போனாள். திங்கட்கிழமைகளில் பதினொன்றுக்கு முன்னால் வரமாட்டாள். இரண்டு மருந்தையும் பையில் போட்டுக்கொண்டு மின்தூக்கியில் கீழே இறங்கினேன். சுவரைப் பிடித்துப் பிடித்துத்தான் நடக்க முடிந்தது.

எங்கள் அடுக்குமாடிக்குக் கீழேயே ஒரு பார்மசி இருக்கிறது. உள்ளே நுழைந்த பிறகுதான் ஞாபகம் வந்தது, அங்கே மருந்தாளுநர் தர்ஷினி. புஷ்பாக்காவின் மகள். புஷ்பாக்கா என்றால் கோயிலில் அக்காவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பூக்கட்டுகிறவர். அந்த நிமிடமும் அங்கேதான் உட்கார்ந்திருப்பார்.

"வாங்க ஆண்ட்டி! இடுப்பு எப்படி இருக்கு? அம்மா சொன்னாங்க."

சனிக்கிழமை சுளுக்கியது திங்கட்கிழமைக்குள் ஊருக்கே தெரிந்திருக்கிறது.

"பரவால்லம்மா. தொண்டைக்கு மிட்டாய் இருக்கா?"

"தொண்டையும் வலிக்குதா? ஒங்களுக்கு ரொம்ப வேர்க்குதே ஆண்ட்டி. கொஞ்சம் உக்காருங்க லா."

"வெயில்மா."

வெளியே மேகமூட்டம். மிட்டாயை வாங்கிக்கொண்டு வெளியே வந்துவிட்டேன். நல்ல பிள்ளை. அவளிடமே கேட்டிருக்கலாம்.

வாடகைக் காடி பிடித்துக் கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் சாலைக்குப் போனேன். அங்கே குறுக்குத் தெருவில் ஒரு பழைய பார்மசி உண்டு. என்னை அங்கே ஒருவருக்கும் தெரியாது. காடியிலிருந்து இறங்கியதும் நாசி கண்டார் சோற்றுக்கடையிலிருந்து குழம்பு வாசனை. எனக்கு எப்போதும் பிடித்த வாசனை. இன்று மூக்கைப் பொத்திக்கொண்டேன். கடையின் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றேன். இவ்வளவு தூரம் தனியாக வந்தது தப்போ என்று முதல்தடவையாகப் பயந்தேன்.

பார்மசியில் ஒரு சீன அம்மா. ஐம்பது வயதிருக்கும், குட்டை முடி, வெள்ளைக் கோட்டு. கண்ணாடிக் கூட்டைத் திறந்து இரண்டு மருந்தையும் மேசைமேல் வைத்தேன். இதையும் இதையும் சேர்த்துச் சாப்பிடலாமா என்று மலாயில் கேட்டேன்.

கணினிக்குக்கூடப் போகவில்லை. முதலில் என் முகத்தைப் பார்த்தார், பிறகு கைகளை. மேசையைச் சுற்றிக்கொண்டு வெளியே வந்து என்னை நாற்காலியில் உட்காரவைத்தார். கேள்விகள் வரிசையாக வந்தன. எத்தனை கேப்ஸ்யூல்? கடைசியாக எப்போது? செர்ட்ராலின் எத்தனை மில்லிகிராம்? காய்ச்சல் உண்டா? தசை விறைப்பு? தலை குழப்பம்? காதில் கருவி வைத்துச் சூடு பார்த்தார். பிரஷர் பார்த்தார். நாடி நூற்றுப்பத்து. காய்ச்சல் இல்லை.

பிறகுதான் கணினியில் தேடித் திரையை என் பக்கம் திருப்பிக் காட்டினார். அவர் சொன்னதில் நான் பிடித்துக்கொண்டவை:

- இரண்டுமே உடம்பில் செரொட்டோனினைக் கூட்டும். சேர்ந்தால் சிலருக்கு அளவுக்கு மீறும். வியர்வை, நடுக்கம், படபடப்பு, வயிற்றுப்போக்கு. எனக்கு இருப்பது லேசான நிலை மாதிரித் தெரிகிறது, ஆனால் டாக்டர்தான் பார்த்துச் சொல்ல வேண்டும். இன்றைக்கே.
- டிராமடோல் இனி ஒன்றுகூட வேண்டாம்.
- செர்ட்ராலினை நானாக நிறுத்தவும் கூடாது. அடுத்த மாத்திரை நாளைக் காலையில்தானே, அதற்குள் டாக்டர் முடிவு சொல்லிவிடுவார்.
- காய்ச்சல் அடித்தாலோ உடம்பு விறைத்தாலோ பேச்சு குழறினாலோ நேரே அவசரப் பிரிவு.

சனிக்கிழமை போன கிளினிக்குக்கு அவரே போன் போட்டுப் பேசினார். டாக்டர் உடனே வரச் சொன்னார். கடைசியாக அவர் கேட்டதுதான் எனக்குக் கஷ்டமாகப் போனது.

"வீட்டில் உங்களோடு யார் இருக்கிறார்கள்?"

"அக்கா."

"அக்காவைக் கூப்பிடுங்கள். தனியாகப் போகக்கூடாது. இன்று முழுக்க ஒருவர் உங்களைப் பார்த்துக்கொள்ள வேண்டும். எதைப் பார்க்க வேண்டும், ஏன் பார்க்க வேண்டும் என்று அவருக்குத் தெரியவும் வேண்டும்."

தொண்டை மிட்டாய்க்குப் பின்னால் ஒளிந்தாயிற்று, பாதி ஊர் கடந்தும் வந்தாயிற்று. கடைசியில் அக்காவிடமே வந்து நிற்கிறது. போன் போட்டேன்.

அக்கா இருபது நிமிடத்தில் வந்தாள். சேலை மடிப்பில் மல்லிகைக் காம்புகள், விரலில் நார். செருப்பு ஒன்றுக்கொன்று மாறியிருந்தது. ஒன்று அவளுடையது, இன்னொன்று யாருடையதோ. அந்த அம்மா மெதுவாக என்னைக் கேட்டார், நான் சொல்லட்டுமா, நீங்களே சொல்கிறீர்களா என்று. நானே சொல்கிறேன் என்றேன். அவர் திரும்பி நின்று, ஏற்கெனவே வரிசையாக இருந்த பற்பசைகளை மறுபடியும் வரிசையாக அடுக்க ஆரம்பித்தார்.

"அக்கா, நான் டாக்டர்கிட்ட பொய் சொல்லிட்டேன். நான் ஒரு மருந்து சாப்பிடுறேன்."

"என்னா மருந்து?"

"மனசுக்கு."

புரியவில்லை அவளுக்கு. மாத்திரை அட்டையைக் கையில் கொடுத்தேன். மூக்குக்கு அருகில் வைத்துப் படித்தாள்.

"எப்பயிருந்து?"

"போன வருஷத்துக்கு முன்ன வருஷம் டிசம்பர்லேருந்து."

அட்டையைத் தன் பையில் போட்டுக்கொண்டாள். அந்த அம்மாவிடம் எல்லாவற்றையும் மறுபடி சொல்லச் சொல்லிக் கவனமாகக் கேட்டாள். பூக்கட்டும் கணக்குச் சீட்டின் பின்பக்கத்தில் எழுதியும் கொண்டாள். பள்ளிக்கூட ஆபீஸில் முப்பது வருடம் தலைமைக் கிளார்க்காக இருந்த கையெழுத்து, அவசரத்திலும் கோடு போட்ட மாதிரி. காடியில் கிளினிக்குக்குப் போனோம். சிக்னலில் நிற்கும்போதெல்லாம் என் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள்.

கிளினிக்கில் டாக்டர் திட்டவில்லை. முழங்காலைத் தட்டிப் பார்த்தார், கண்ணைப் பார்த்தார், இரண்டு மணி நேரம் அங்கேயே படுக்கவைத்தார். நர்ஸ் மிஸ்ஸி கால் மணிக்கொரு தடவை நாடி பிடித்தாள். நூற்றுப்பத்து, நூற்றிரண்டு, தொண்ணூற்றாறு. மத்தியானத்துக்குள் கை நடுக்கம் ஓரளவு நின்றுவிட்டது. வலிக்கு இனி பாரசிட்டமோலும் சூட்டு ஒத்தடமும். செர்ட்ராலின் நாளையிலிருந்து வழக்கம்போல். பட்டர்வொர்த் டாக்டருக்கு ஒரு கடிதம். அடுத்த தடவை முதலில் இதைச் சொல்லுங்கள் என்றார்.

அக்கா நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்து, சீட்டிலிருந்ததை ஒவ்வொன்றாகக் கேட்டு உறுதிசெய்தாள். இவள் டாக்டரிடம் தானாகப் பதில் சொல்லாமல் கேள்வி மட்டும் கேட்டதை இன்றுதான் பார்த்தேன்.

வீட்டுக்கு வந்து, கஞ்சி கொடுத்து, தட்டைக் கழுவிவைத்த பிறகுதான் என்னைக் கேட்டாள்.

"அப்ப என் சூப்பு?"

"என்ன சூப்பு?"

"முருங்கக்கீர சூப்பு லா! தெனமும் ஒனக்கு வச்சுக் குடுத்தேனே. தண்ணீர்மலைக்குக் காலாங்காத்தால இழுத்துட்டுப் போயி நடக்க விட்டேனே. புள்ள தெளிஞ்சிட்டா, என் சூப்புதான் காரணம்னு கோயில்ல எல்லார்கிட்டயும் சொல்லி வச்சிருக்கேன். ரெண்டு பேருக்கு செய்முற எழுதிக் குடுத்திருக்கேன்!"

சிரித்துவிட்டேன். இடுப்பு உயிர் போனது. சிரிக்காதே சிரிக்காதே என்று அவளும் சிரித்தாள், கண்ணைத் துடைத்துக்கொண்டு.

"சூப்பும் நல்லாத்தான் இருந்துச்சுக்கா."

"பேசாத."

செவ்வாய், 15 ஜூலை

மழை. நடுக்கம் இல்லை, வியர்வை இல்லை. நாடி எழுபத்தெட்டு. அக்காதான் எண்ணினாள், சுவர்க்கடிகாரத்தைப் பார்த்து, உதடு அசைய. வயிறும் சரியாகிவிட்டது. ரொட்டி சானாய் இரண்டு சாப்பிட்டேன். இடுப்பு மட்டும் சொன்னபடி கேட்க மறுக்கிறது.

காலையில் செர்ட்ராலினைக் குளியலறைக்கு எடுத்துப் போகவில்லை. சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்தே விழுங்கினேன். எதிரே அக்கா தன் பிரஷர் மாத்திரையை விழுங்கினாள். ஒரே கூஜாத் தண்ணீர். இருவரும் ஒருவரையொருவர் பார்க்காத மாதிரி உட்கார்ந்திருந்தோம்.

பிறகு ஒரு வெள்ளைத்தாளை எடுத்து, தன் மருந்து, என் மருந்து எல்லாவற்றையும் அளவோடு எழுதினாள். இரண்டு பிரதி. ஒன்று என் கைப்பைக்கு. இரண்டாவதில் தன் பெயருக்குக் கீழே எழுதிக்கொண்டே வந்தவள் பாதியில் நின்றாள்.

"முட்டி வலிக்கு புஷ்பா ஒரு மாத்திர குடுப்பா. அதையும் எழுதணுமா?"

"எத்தன நாளா?"

"எப்பயாச்சும்தான்லா."

"எழுதுக்கா. அந்தச் சீனம்மாகிட்ட காட்டுவோம்."

முறைத்தாள். எழுதினாள்.

வியாழன், 17 ஜூலை

ஆடி 1. வெயில் வந்துவிட்டது. அலமாரி அதே இடத்தில், பின்னால் அதே தூசி. அம்மன் மன்னித்துக்கொள்வாள் என்று அக்கா சொல்லிவிட்டாள்.

இன்று வேலைக்குப் போனேன். ஃபெர்ரியில் மேல்தளத்தில் நின்றுகொண்டே போனேன், உட்கார்ந்தால் எழுவது கஷ்டம். கடல் தகடு மாதிரி. பக்கத்தில் இரண்டு பெண்கள், ஜுரு தொழிற்சாலைச் சட்டை.

"மாமியார் என்னா சொன்னாங்க?"

"அவங்க என்னைக்கு சொன்னாங்க, மூஞ்சியாலதான் பேசுவாங்க."

இறங்கும்வரை சிரிப்பு. எனக்கும்.

மத்தியானம் கிளினிக்கில் கடிதத்தைக் கொடுத்தேன். டாக்டர் படித்துவிட்டு என் அட்டையின் மேல்மூலையில் டிராமடோல் கூடாது என்று சிவப்பு மையால் எழுதினார். இதே அளவைத் தொடரலாம், ஜனவரியில் குறைப்பதைப் பற்றிப் பேசலாம் என்றார். அவசரம் ஒன்றுமில்லை. எனக்கும் அவசரமில்லை. நன்றாகத்தான் இருக்கிறேன்.

சாயங்காலம் அக்கா விளக்கேற்றிவிட்டு என் கட்டிலின் ஓரத்தில் வந்து உட்கார்ந்தாள். போர்வை நுனியைச் சுருட்டிச் சுருட்டி விட்டாள். அவளுக்குப் பொருந்தாத வேலை.

"ஒன்னு கேக்குறேன். நெசத்த சொல்லணும்."

"கேளு."

"ஒன் அத்தான் தவறிப்போய் நான் இங்க வந்து சேந்தேன்ல. அது செப்டம்பர். நீ மருந்து ஆரம்பிச்சது டிசம்பர். என்னாலயா?"

மூன்று நாளாக இதைத்தான் மனத்துக்குள் வைத்துக்கொண்டு சுற்றியிருக்கிறாள். தேதிகளைப் பொருத்திப் பார்த்திருக்கிறாள். முப்பது வருட கிளார்க் அல்லவா.

"இல்லக்கா. நீ வர்றதுக்கு முன்னாடியே ஆரம்பிச்சிடுச்சு. நீ வந்ததால வீட்டுல சோறு இருந்துச்சு, வெளக்கு இருந்துச்சு. அதுலதான் டாக்டர்கிட்ட போற அளவுக்கு எனக்குத் தெம்பு வந்துச்சு."

"சும்மா சொல்லாத."

"சும்மா இல்ல."

பிறகு ஒத்தடப் பையைச் சூடாக்க எழுந்து போனாள். போகும்போது தலையணையைத் தட்டிச் சரிசெய்தாள், தேவைக்கு மேல் நாலு தட்டு.

நான் சொன்னது நிஜம். சொல்லும்போதுதான் எனக்கே தெரிந்தது.

சனி, 19 ஜூலை

குட்டிக் குறிப்பு. அக்காவை அந்தப் பார்மசிக்கு அழைத்துப் போனேன். புஷ்பாக்கா கொடுத்த முட்டிவலி மாத்திரை பிரஷர் மருந்தோடு சேரக்கூடாதாம், சிறுநீரகத்துக்கு ஆகாதாம். அக்கா முகம் பார்க்க வேண்டுமே. எனக்குப் பரம திருப்தி. இதை இங்கே மட்டும்தான் எழுதலாம்.

திரும்பும் வழியில், "இத தர்ஷினிகிட்டயே கேட்டிருக்கலாம். அவ யார்கிட்டயும் ஒரு வார்த்த விடமாட்டா. வாயி அவ அம்மாவுக்குத்தான்" என்றாள்.

"என் விஷயம் புஷ்பாக்காவுக்கு?"

"நீ சொல்லாம நான் எதுக்கு சொல்றேன்? முருங்கக்கீர சூப்புன்னே இருக்கட்டும்."

ஞாயிறு, 20 ஜூலை

காற்றோட்டமான காலை. இடுப்பு முக்கால்வாசி சரி. பாசாருக்கு நானும் போனேன், கூடையை அக்கா தூக்கினாள். கெம்போங் மீன், கத்தரிக்காய், கறிவேப்பிலை, வாழைப்பூ. எலுமிச்சை மறந்துவிட்டது.

அடுக்களையில் நான் பூண்டு உரித்துக்கொண்டிருந்தேன். அக்கா எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு குழாயடியில் மீன் கழுவினாள். தண்ணீர்ச் சத்தத்துக்கு நடுவே, மீனைக் கேட்கிற மாதிரி கேட்டாள்.

"அப்ப எப்படி இருந்துச்சு ஜெயா? மருந்துக்கு முன்னாடி?"

இதுவரை யாரும் கேட்டதில்லை. டாக்டர்கள் கேட்டது வேறு. அவர்களுக்கு ஒன்றிலிருந்து பத்துக்குள் ஓர் எண் சொல்ல வேண்டும்.

"ஒரு நாள் அந்தப் பக்கம் போய் எறங்குனேன். ஆபீஸுக்கு அஞ்சு நிமிஷ நடைதான். முடியல. ஃபெர்ரித் துறையில பெஞ்சுல உக்காந்துட்டேன். ஃபெர்ரி வருது, போகுது, வருது, போகுது. அழுகல்லாம் இல்ல. எந்திரிக்கணும்னே தோணல. மத்தியானம் வரைக்கும்…"

தண்ணீர் கொட்டிக்கொண்டிருந்தது. என் குரல் எனக்கே சரியாகக் கேட்கவில்லை. நிறுத்தினேன்.

கீரையைச் சாப்பிடு என்பாள், காலையில் நட என்பாள், சாமியைக் கும்பிடு என்பாள் என்று காத்திருந்தேன்.

அக்கா குழாயை மூடினாள். மீன் செதில் ஒட்டிய கையோடு வந்து என் எதிரே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"ம். சொல்லு."